ரிப்போர்ட் யார் கைக்குப் போனது?

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலோ ஆவடி ரயில் நிலையத்திலோ மாலை ஏழு மணிக்கு மேல் சிறிது நேரம் நின்று பாருங்கள். பெரிய ஸ்கேன் கவரை மடங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் படுவார்கள். கவரின் மேல் சென்டரின் பெயரும் கிளைகளின் முகவரியும் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஃபிலிம், சில இடங்களில் ஒரு சி.டி. தட்டு, இரண்டு பக்க ரிப்போர்ட். கொண்டு போகிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. கவுண்டரில் கேட்டிருப்பார். "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, அவர் சொல்வார்" என்று பதில் வந்திருக்கும். அந்த டாக்டர் நாளைக்கு வருவாரா, இல்லை திங்கட்கிழமைதான் வருவாரா என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கதிரியல் மருத்துவரின் தவறு என்றதும் நம் மனதுக்கு வருவது, கண்ணில் படாமல் போன கட்டியும் கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவும்தான். அவை நடக்கின்றன, இனியும் நடக்கும். 1949இல் ஹென்றி கார்லண்ட் என்ற அமெரிக்கக் கதிரியல் மருத்துவர், நோயின் அடையாளம் உள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அனுபவசாலிகளே தவறவிடுவதைக் காட்டினார். 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்த சிறு கட்டியைவிட 48 மடங்கு பெரிய உருவம் அது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. மனிதக் கண்ணின் எல்லை இது. பயிற்சியால் இதைக் குறைக்கலாம், அறவே போக்க முடியாது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது இன்னொரு வகைத் தவறை. கண் பார்த்துவிட்டது, கை எழுதிவிட்டது, ஆனால் அடுத்த காரியத்தைச் செய்ய வேண்டியவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அல்லது தாமதமாகப் போனது, புரியாத மொழியில் போனது, கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது. அமெரிக்காவில் லியோனார்ட் பெர்லின் போன்ற கதிரியல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதி வந்தார்கள். 1991இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி, ரிப்போர்ட்டை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இங்கிலாந்தில் மருத்துவப் பாதுகாப்புக்கான விசாரணை அமைப்பு 2019 ஜூலையில் ஓர் அறிக்கையை முழுக்க இதற்கே ஒதுக்கியது: எதிர்பாராமல் கண்டறியப்பட்ட முக்கியமான விஷயம் ஏன் நோயாளியைச் சென்று சேரவில்லை? பணமும் கணினியும் நிறைந்த அந்த நாடுகளிலேயே இப்படி என்றால், நோயாளியே தபால்காரராக இருக்கும் நம் புறநகரில் நிலைமை என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோயாளியே தபால்காரர்

சென்னையில் 1934இல், அரசு பொது மருத்துவமனையோடு சேர்ந்து பார்னார்டு கதிரியல் நிலையம் அமைந்தது. ஒரே வளாகத்துக்குள் எக்ஸ்ரேயும் வார்டும் இருந்த அந்த ஏற்பாட்டில், ஒரு படத்தில் சந்தேகம் வந்தால் வார்டு மருத்துவர் நடந்து போய், விளக்குப் பெட்டியின் முன்னால் கதிரியல் மருத்துவரோடு நின்று பேசலாம். அந்த இரண்டு நிமிடப் பேச்சில் எழுத்தில் வராத எத்தனையோ தெளிவாகும். "எனக்கு இது சரியாப் படலை, நீங்க ஒரு தடவை வயித்தை அழுத்திப் பாருங்க" என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது. வாயால் சொல்லலாம்.

பூந்தமல்லியைச் சுற்றிலும் பெரிய மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போரூரில் ராமச்சந்திரா, தண்டலத்தில் சவீதா, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ். அங்கே படம் கணினி வழியாக மருத்துவரின் திரைக்குப் போகிறது. ஆனால் கொரட்டூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம், கரையான்சாவடி, குமணன்சாவடி மக்கள் முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்கு. அங்கே மருத்துவர் சீட்டு எழுதுகிறார். படம் எடுப்பது சி.டி.எச். சாலையிலோ டிரங்க் ரோட்டிலோ இருக்கும் ஸ்கேன் சென்டர். அங்கே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்ட் ஒரே நாளில் இரண்டு மூன்று சென்டர்களுக்குப் போகிறவராக இருக்கலாம். இரவு நேரத்து சி.டி. படங்கள் இணையத்தில் வேறு ஊருக்குப் போய், அங்கிருக்கும் யாரோ ஒருவர் படித்து அனுப்புவதும் உண்டு. சீட்டு எழுதியவரும் ரிப்போர்ட் எழுதியவரும் ஆயுளில் ஒருமுறைகூடச் சந்தித்திராமல் இருக்கலாம். இருவரையும் இணைப்பது அந்தக் கவரும் அதைச் சுமக்கும் மனிதரும்தான்.

இதில் என்னை வருத்துகிற ஒன்று உண்டு. சென்டர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் இடையே தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. நோயாளிகளை அனுப்பச் சொல்லி கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கும் பி.ஆர்.ஓ.க்கள் இருக்கிறார்கள். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், அவருடைய சொந்த நம்பர் எது என்பது அவர்களுக்கு மனப்பாடம். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்திருக்கின்றன. அந்தத் தடையைப் பற்றி வேறு கட்டுரை எழுதலாம். வியாபாரத்துக்காகத் திறந்திருக்கும் அதே பாதையில், "நீங்க அனுப்பின பேஷன்ட்டுக்கு மூளையில ரத்தக் கசிவு இருக்கு" என்ற செய்தியும் போகலாம் அல்லவா? அந்த நம்பர் ரேடியாலஜிஸ்டின் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995 நவம்பரில். 2019இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மருத்துவர்கள் விடுபட்டுவிட்டார்கள் என்று ஒரு வாதம் எழுந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தில் ஆவடிவாசிக்கு உதவும் இரண்டு மாற்றங்கள் உண்டு. ஒன்று, எந்த ஊரில் ஸ்கேன் எடுத்திருந்தாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு, எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் நஷ்ட ஈடு தீர்மானிப்பதில்லை. சேவைக்குக் கொடுத்த கட்டணமே தீர்மானிக்கிறது. சில நூறு ரூபாய் ஸ்கேனைப் பற்றிய புகார், எவ்வளவு பெரிய இழப்பைச் சொன்னாலும், மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும். கட்டணம் 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் புகாருக்குப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். குற்ற வழக்கு வேறு தளம். அதற்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் மிக நெருக்கமான தீர்ப்பு ஸ்கேன் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் ஒவ்வொரு கதிரியல் மருத்துவரும் அதைப் படித்திருக்க வேண்டும். 1996 ஆகஸ்டில், எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். அவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரை பாதிக்கப்படலாம், சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு என்பது மருத்துவம் அறிந்த விஷயம். குழந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. கண்ணை யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. மாதங்கள் கழிந்து தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண்ணின் எதிர்காலச் செலவையும் கணக்கிட்டு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் என்று உயர்த்தியது. அந்தக் குழந்தையை உயிரோடு காப்பாற்றியதும் அதே மருத்துவமனைதான் என்பதை மறக்கக் கூடாது. சிகிச்சை நன்றாகவே நடந்தது. "நாலு வாரத்துக்குள்ள கண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்ற ஒரு வரி மட்டும் இல்லாமல் போயிற்று.

ஸ்கேன் மையங்கள் மீதும் பெரிய தொகைகள் விழுந்திருக்கின்றன. கர்ப்ப காலத்தில் பலமுறை ஸ்கேன் எடுத்தும் சிசுவின் கை கால் குறைபாட்டைச் சொல்லவில்லை என்று நாக்பூரிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2022இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 1.25 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

சீட்டில் தொடங்கும் பிழை

பேச்சு தவறுவது ரிப்போர்ட்டில் என்று நினைக்கிறோம். பல நேரம் அது சீட்டிலேயே தவறிவிடுகிறது. "செஸ்ட் பி.ஏ." என்று இரண்டு சொல், கீழே ஒரு கையெழுத்து. அல்லது "யு.எஸ்.ஜி. அப்டமன்". எதற்காக எடுக்கிறார்கள், எத்தனை நாளாக என்ன தொந்தரவு, முன்பு அறுவைச் சிகிச்சை உண்டா, எதுவும் இருக்காது. கேள்வி தெரியாமல் விடை எழுத வேண்டிய நிலையில் ரேடியாலஜிஸ்ட் இருக்கிறார்.

இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது நுரையீரலில். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் உலகத்துக்கே வீட்டுச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்த ஊர் இது. காசநோய் இங்கே இன்னமும் இருக்கிறது. அதனால் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் பகுதியில் நிழல் தெரிந்தால், எழுதுகிறவர் கையும் படிக்கிறவர் மனமும் காசநோயின் பக்கமே சாய்கின்றன. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில், முப்பது ஆண்டு பீடி குடித்தவரை எண்ணிப் பாருங்கள். சளியில் கிருமி தென்படவில்லை, ஆனாலும் ஆறு மாத மாத்திரை தொடங்கப்படுகிறது. மூன்றாம் மாதம் இன்னொரு எக்ஸ்ரே, வேறு சென்டரில். சீட்டில் மறுபடியும் "செஸ்ட் பி.ஏ." மட்டும். பழைய ஃபிலிம் வீட்டு பீரோவின் மேல் கிடக்கிறது. புதிய ரிப்போர்ட்டிலும் "காசநோயாக இருக்கலாம்" என்றுதான் வரும், ஏனென்றால் இவர் மூன்று மாதம் மருந்து சாப்பிட்டும் நிழல் குறையவில்லை என்பது எழுதியவருக்குத் தெரியாது. நிழல் பெரிதாகியிருக்கிறது என்பதை அறிய அவர் கையில் முந்தைய படம் இல்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. புற்றுநோய் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் முதலில் காசநோய் என்று கருதப்பட்டுத் தாமதமாவது மருத்துவர்கள் நன்கறிந்த சோகம். அதற்கு மருந்தாக நான் கேட்பது மிக எளிய இரண்டு காரியங்கள். சீட்டில் வயது, முக்கியத் தொந்தரவு, எத்தனை நாள், சந்தேகம் என்ன என்று நான்கு சொல் கூடுதலாக எழுதுவது ஒன்று. சென்டரில் படம் எடுக்கும் டெக்னீஷியன் "பழைய ஃபிலிம் இருக்கா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு, பதிலைச் சீட்டின் பின்னால் எழுதி ரேடியாலஜிஸ்டிடம் தருவது இன்னொன்று. டெக்னீஷியன்தான் நோயாளியை நேருக்கு நேர் பார்க்கிறவர். அவரைப் பேச்சுக்கு வெளியே வைப்பது பெரிய இழப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். குடும்பங்கள் எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்தவை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதே புரியாதவரிடம் வலி எங்கே என்று எப்படிக் கேட்பது? கூட வந்த சூப்பர்வைசர் பதில் சொல்கிறார். அவர் சொல்வது தொழிற்சாலைக்கு ஏற்ற பதிலாக இருக்கவும் வாய்ப்புண்டு. இந்தியில் பத்து வாக்கியம் கற்ற ஒரு வரவேற்பாளரை வைத்துக்கொள்வது சென்டர்களுக்குப் பெரிய செலவாகாது.

எழுதும் மொழி

ரிப்போர்ட்டின் மொழிக்கு வருவோம். "மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்பது ரேடியாலஜிஸ்டுகள் எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் ஆங்கிலத்தில் எழுதும் வரி. "இன்ன நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது" என்பது இன்னொன்று. நாளை கேள்வி வந்தால் இவை காப்பாற்றும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பத்து நோய்களை அடுக்கி எதையும் ஒதுக்காமல் விட்ட ரிப்போர்ட், படிக்கிற மருத்துவருக்கு ஒரு வழியும் காட்டுவதில்லை. எது மிக வாய்ப்புள்ளது, அடுத்து எந்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்குள் என்ற மூன்றும் இருந்தால்தான் அது ஆலோசனை. சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதலாம், அதில் தவறில்லை. அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இன்னொரு பிழை வார்ப்பிலிருந்து வருவது. கணினியில் "நார்மல்" ரிப்போர்ட் ஒன்று தயாராக இருக்கும். மாறியதை மட்டும் திருத்தி அச்சடிப்பார்கள். அவசரத்தில் பித்தப்பையை எடுத்துவிட்ட பெண்ணுக்கு "பித்தப்பை இயல்பாக உள்ளது" என்று வந்துவிடும். கர்ப்பப்பையை எடுத்தவருக்குக் கர்ப்பப்பையின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். வலது இடது மாறும். ஆங்கிலத்தில் "இல்லை" என்ற ஒரு சிறு சொல் தட்டச்சில் விழுந்துபோனால் பொருளே தலைகீழாகும். இந்தப் பிழைகளால் பல நேரம் உடலுக்குத் தீங்கு வராமல் போகலாம். ஆனால் நோயாளி அந்தத் தாளைப் பார்த்த நொடியில் மற்ற எல்லா வரிகளின் மீதும் நம்பிக்கை இழக்கிறார். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

முக்கியமான செய்தி எங்கே எழுதப்படுகிறது என்பதும் செய்தியைப் போலவே முக்கியம். பைக்கில் விழுந்தவருக்கு மார்பு சி.டி. எடுக்கிறார்கள். விலா எலும்பு முறிவு முடிவுரையில் வருகிறது. நுரையீரலில் 8 மி.மீ. கட்டி என்பது நடுப் பத்தியின் ஐந்தாம் வரியில். எலும்பு மருத்துவர் முடிவுரையைப் படித்து, விலாவுக்கு மாத்திரை எழுதுகிறார். இத்தகைய கட்டிகளுக்கு, நெஞ்சுக் கதிரியலுக்கான ஃபிளெய்ஷ்னர் சங்கம் 2017இல் வகுத்த முறைப்படி, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள ஒற்றைத் திடக் கட்டிக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் மறு ஸ்கேன் வேண்டும். பழைய காசநோயின் தழும்புகள் மலிந்த நம் ஊரில் அந்த அளவுகோலை அப்படியே பொருத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் பார்த்ததை முடிவுரையில் எழுதவும், "ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்" என்று சொல்லவும் எந்த அளவுகோலும் தடையில்லை.

ஃபோனை எடுப்பது

சில செய்திகள் கவருக்காகக் காத்திருக்கக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், நுரையீரல் சுருங்கிப்போகும் அளவுக்குக் காற்று, மூளைக் கசிவு, பெருந்தமனியில் கிழிசல், முறுக்கிக்கொண்ட விரை. இவற்றில் எதையாவது பார்த்த ரேடியாலஜிஸ்ட் எழுந்து ஃபோன் செய்ய வேண்டும். பேசியதும் ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி: இன்ன தேதி, இத்தனை மணி, இன்ன மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது. எதிர்முனையில் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும் நல்ல வழக்கம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது என்பது அவர் திரையைத் திறந்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

மருத்துவர் கிடைக்கவில்லை என்றால்? நோயாளியிடமே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "அம்மா, இது இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்ட வேண்டியது. கீழ்ப்பாக்கம் போறீங்களா, ராமச்சந்திரா போறீங்களா? நான் கடிதம் தர்றேன்." இப்படிச் சொல்வது சீட்டு எழுதிய மருத்துவரின் வேலையில் தலையிடுவது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. ஸ்கேனில் கவலைக்குரிய மாற்றம் தெரிந்தால், மருத்துவருக்கு ரிப்போர்ட் அனுப்பிய 20 நாளுக்குள் ஸ்கேன் எடுத்த நிறுவனம் நோயாளிக்கும் நேரடியாக அறிவிக்க வேண்டும். நம் ஊரில் ரிப்போர்ட் முதலிலேயே நோயாளியின் கைக்குத்தான் வருகிறது. அதன் அடியில் இரண்டு வரி தமிழ் சேர்த்தால் போதும்: "இதில் மருத்துவரிடம் விரைவில் காட்ட வேண்டிய விஷயம் உள்ளது. இத்தனை நாளுக்குள் காட்டவும்." ரிப்போர்ட் முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

மக்கள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். கொரோனா காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2020, 2021இல் நெஞ்சு சி.டி.யில் "25க்கு 8" என்ற எண் மட்டும் கையில் வந்தபோது வீடுகளில் எவ்வளவு பதற்றம் இருந்தது! எண்ணைக் கொடுத்தவர்கள் அதன் பொருளைச் சொல்லவில்லை. "இது லேசான பாதிப்பு, மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜனையும் கவனிங்க" என்று ஒரு வாக்கியம் கூட வந்திருந்தால் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பயத்தைத் தந்தது விளக்கமில்லாமல் வந்த அந்த எண்.

ஸ்கேன் அறையின் மௌனம்

கர்ப்பிணிகளின் ஸ்கேன் அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிசுவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டின் சட்டம். பெண் சிசுக்கள் அழிக்கப்பட்ட நாட்டில் அது வேண்டிய சட்டம், கடுமையாகவே இருக்க வேண்டும். ஆனால் அதன் நிழலில் வேறொன்று வளர்ந்துவிட்டது. எதைச் சொன்னாலும் தவறாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற அச்சத்தில், ஸ்கேன் செய்கிறவர்கள் எதையும் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். ஆணா பெண்ணா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்ல சட்டம் இடம் தருகிறது. இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். குழந்தை திரும்பியிருந்ததால் முகமும் இடது கையும் சரியாகத் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்று சொல்லலாம், சொல்லவே வேண்டும். எந்த உறுப்பு தெரிந்தது, எது தெரியவில்லை என்பதை ரிப்போர்ட்டில் தனித்தனியாக எழுதுவது தாய்க்கும் நல்லது, எழுதியவருக்கும் கவசம். "பார்த்தோம், இயல்பு" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் நீதிமன்றத்தில் வெவ்வேறு வாக்கியங்கள்.

ஸ்கேனால் எல்லாக் குறைபாட்டையும் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஸ்கேனுக்கு முன்னால் சொன்னால் அது தகவல். குழந்தை பிறந்த பிறகு சொன்னால் சாக்காகவே கேட்கும். குறைபாடுகளைத் தேடும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யப்படுவது. 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம் 24 வாரத்தை ஒரு முக்கியமான கோடாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் கடுமையான குறைபாடு என்றால் மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். 22ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேனின் ரிப்போர்ட் இரண்டு மூன்று வாரம் கவரில் கிடந்தால், அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஒரு முடிவு அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

தவறு நடந்த பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நடக்கும். பழைய படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, கட்டி அன்றே அங்கே இருந்தது தெரியும். அந்த நேரத்தில் முதலில் வரும் எண்ணம் மறைப்பது. கணினியில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து திருத்திவிடலாம் என்ற சபலம் மிகக் கொடியது. திருத்தப்பட்ட தேதி பதிவாகியிருக்கும். அது வெளியே வந்தால், நேர்மையான ஒரு பிழை ஏமாற்று வேலையாக மாறிவிடும். பழைய ரிப்போர்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைய தேதியிட்டுத் திருத்தக் குறிப்பு சேர்ப்பதே முறை. அதை மருத்துவருக்கும் நோயாளிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

1994இல் பிரிட்டனில் வழக்குத் தொடுத்த 227 நோயாளிகளையும் உறவினர்களையும் கேட்ட ஓர் ஆய்வு, அவர்களைச் செலுத்தியது பணம் மட்டுமல்ல என்று காட்டியது. என்ன நடந்தது என்று விளக்கம் வேண்டும், இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பன அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல், தவறை ஒப்புக்கொண்டு விளக்கிப் பொருத்தமான ஈடும் தரும் வழக்கத்தைத் தொடங்கியது. அதன் பிறகு 1,00,000 நோயாளி வருகைக்கு மாதம் 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் அந்த மாநிலம் முழுவதும் வழக்குகள் குறைந்துகொண்டிருந்ததால், எல்லாப் பெருமையும் இந்த வழக்கத்துக்கே சேரும் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஒளிவுமறைவில்லாமல் பேசியதால் வழக்குகள் பெருகவில்லை என்பதாவது நிச்சயம். மன்னிப்புக் கேட்டதைச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மருத்துவர்கள் சங்கங்கள் அரசிடம் கேட்டுப் பெற வேண்டிய பாதுகாப்புகளில் இதை முதலில் வைப்பேன்.

நோயாளி தன் ரிப்போர்ட், ஃபிலிம், கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பல தகராறுகள் பெரிதாவது இங்கேதான். கேட்டவரை நாலு தடவை அலையவிட்டால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றே அவர் எண்ணுவார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஸ்கேன் சென்டரின் கவுண்டருக்கு அடியில், யாரும் வந்து வாங்காத கவர்கள் சேர்ந்துகொண்டிருக்கும். பணம் கட்டியவர்தான், திரும்பி வரவில்லை. வலி நின்றுபோயிருக்கும். ஊருக்குப் போயிருப்பார். என்ன வருமோ என்ற பயத்தில் வராமலே இருந்திருப்பார். பெரும்பாலானவற்றில் "நார்மல்" என்றுதான் இருக்கும். ஆனால் அந்த அடுக்கில் ஒரு கவருக்குள், யாரும் கேட்காத ஒரு செய்தி இருக்கலாம். சனிக்கிழமை மதியம் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு கவரையும் எடுத்து, முடிவுரையை ரேடியாலஜிஸ்ட் படித்து, தேவைப்பட்டவருக்கு ஃபோன் போட்டு, போட்ட நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பில் போடும்போதே, நோயாளி சம்மதித்தால், வீட்டில் இன்னொருவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒடிசாவுக்குப் போனவரின் சென்னை நம்பர் அணைந்து கிடக்கும்.